ஊர்ச்சபையில் யார் அமரலாம்?

தமிழகத்தின் சிற்றூர் ஆட்சி பற்றிய பேச்சு பெரும்பாலும் உத்திரமேரூரில்தான் தொடங்குகிறது. அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள், ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராக உறுப்பினரைக் குடவோலை வழியே தெரிந்தெடுத்த முறையை விரிவாகக் கூறுகின்றன. அப்படித் தெரிவான முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியமாகவும், பன்னிருவர் தோட்ட வாரியமாகவும், அறுவர் ஏரி வாரியமாகவும் 360 நாள் பணிபுரிந்தனர். வாரியம் என்பது இன்றைய வழக்கில் செயற்குழு.

தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடப்பட்டன. சபை கூடியிருக்க, நம்பிமாரில், அதாவது கோயில் பூசகர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிக்க, விவரமறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்து, அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, மறுபடி ஓர் ஓலையை எடுத்தான். அதை வாங்கிய மத்தியஸ்தன் என்னும் ஊர்க் கணக்கன், ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது. கையில் மறைத்த வேறோர் ஓலையை மாற்றி வாசிக்கும் தந்திரத்தை அந்தச் சபையார் அறிந்தே இருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், மாமன் மக்கள் போன்ற உறவினரும் ஓலைக்குரியவர் அல்லர் என்று விலக்கப்பட்டதும் அதே அனுபவத்தின் விளைவே.

எனினும் இதனைக் குடியாட்சி என்று கொண்டாடுவோர், ஓலையில் பெயர் எழுதப்பெற யாருக்கு உரிமை இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதுண்டு. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்க்கு வழங்கப்பட்ட ஊர். இறைசெலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராய், வேதம் கற்றவராய், 921ஆம் ஆண்டு விதிப்படி 35 வயதுக்கு மேல் 70க்குள் இருப்பவரே தகுதி பெற்றனர். வேளாளர் ஊர்களில் 'ஊர்' என்னும் அவையும் வணிகர் ஊர்களில் 'நகரம்' என்னும் அவையும் இயங்கின என்றாலும், உழுதவனும் பறைச்சேரியில் வாழ்ந்தவனும் பெண்களும் வாரியத்தில் அமர்ந்ததற்கு இக்கல்வெட்டுகள் இடம் தரவில்லை. முறைகேட்டைத் தடுக்கும் பொறியாக அது சிறந்தது. மக்களாட்சியாக அதனைக் கொள்வது மிகை.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஊரின் முகம் அவையாக இல்லாமல் மணியக்காரராகவும் கர்ணமாகவும், அதாவது வரி தண்டுபவராகவும் கணக்கெழுதுபவராகவும் மாறிற்று. அப்பதவிகள் பரம்பரையாக வந்தன. 1884ஆம் ஆண்டுச் சென்னை உள்ளாட்சிச் சட்டமும் 1920ஆம் ஆண்டுச் சென்னைக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும் அவையை மீண்டும் கொண்டுவர முயன்றன. காமராசர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சிகளுக்கு மேல் ஊராட்சி ஒன்றியங்களை அமைத்தது. பரம்பரைக் கர்ணமும் மணியமும் 1980ஆம் ஆண்டில்தான் ஒழிந்தன.

அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தத்தைத் தொடர்ந்து வந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமே இருக்கையை உண்மையில் திறந்தது. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் ஒதுக்கிய இச்சட்டம், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. திறந்த கதவின் விலை எளிதாக இல்லை: மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் துணைத் தலைவரும் உட்பட ஆறு பேர் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர், பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் ஒதுக்கீட்டுத் தலைவர் பதவியை ஏற்க மறுத்த எதிர்ப்பு 2006 வரை நீடித்தது.

ஊரார் 'மெம்பர்' என்று அழைக்கும் வார்டு உறுப்பினர், வெள்ளை நிற வாக்குச்சீட்டில், கட்சிச் சின்னம் இல்லாமல் தெரிவு செய்யப்படுகிறார். எரியாத தெருவிளக்குக்கும் வராத குடிநீருக்கும் முதலில் அவர் வீட்டுக் கதவே தட்டப்படுகிறது. ஆனால் பணம் செலவிடும் அதிகாரம் தனியாக அவரிடம் இல்லை, மன்றத் தீர்மானத்தில் ஒரு வாக்கு மட்டுமே உண்டு. உறுப்பினர்கள் தமக்குள் தெரிந்தெடுக்கும் துணைத் தலைவரோ தலைவருடன் சேர்ந்து ஊராட்சிக் காசோலையில் கையொப்பமிடுகிறார். இவ்விருவரில் ஒருவர் பேனாவை எடுக்க மறுத்தால் ஊதியமும் மின்கட்டணமும் தேங்கிவிடும். துணைத் தலைவர் தேர்தலுக்குச் சில ஊர்களில் தலைவர் தேர்தலையொத்த பரபரப்பு இருப்பதன் காரணம் இதுவே. கணக்குக்கு இருவர் பொறுப்பு என்ற அளவில் இந்த ஏற்பாடு நியாயமானது. சாதி அல்லது கோஷ்டிப் பகைமை உள்ள ஊரில் ஒதுக்கீட்டில் வந்த தலைவரை முடக்கவும் இதுவே கருவியாகிறது.

இருக்கைக்கு உரியவர் யார் என்ற வழக்கு ஓரளவு தீர்ந்த பின்னும், இருக்கையே காலியாகக் கிடக்கும் நிலை தொடர்ந்தது. 1970க்குப் பின் 1986 வரை ஊராட்சித் தேர்தல் நடைபெறவில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் வழக்குகளில் சிக்கி 2019 டிசம்பருக்குத் தள்ளிப்போக, அதுவரை தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். அப்போது 27 மாவட்டங்களில் தெரிவானவர்களின் காலமும் 2025 சனவரி 5ஆம் நாள் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.