கடல்கோளும் சுமோங்கும்: தீவு மக்களின் பேரிடர் நினைவு

தமிழில் ‘கடல்கோள்’ என்னும் சொல் பழமையானது. இறையனார் அகப்பொருள் உரையும் மணிமேகலையும் கடல் நிலத்தைக் கொண்ட செய்தியைக் கூறுகின்றன. எனினும் அச்செய்தி இழப்பின் வரலாறாக நின்றதேயன்றி, கடல் பெருகும்போது மக்கள் செய்யவேண்டியது யாது என்னும் அறிவுரையாக வளரவில்லை. இவ்வேறுபாட்டை உணர, இந்தோனேசியாவின் சுமத்திரா மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சிமுலுவே தீவு நல்லதோர் ஒப்பீடாகும்.

1907ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த பேரலை அத்தீவில் பெருந்தொகையினரை அழித்தது. எஞ்சியோர் அதனைச் ‘சுமோங்’ என்றனர். கதையாகவும் ‘நந்தோங்’ என்னும் பாடல் வடிவிலும் அது தலைமுறைகளுக்குக் கையளிக்கப்பட்டது. நிலம் வலிதாக நடுங்கிக் கடல் பின்வாங்கினால் பொருள்களை நாடாது மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதே அதன் சாரம். ஒரே சொல்லில் நிகழ்வும் கட்டளையும் அடங்கிவிட்டன. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்திற்கு மிக அருகில் இருந்த அத்தீவின் வடபகுதியை அலை பத்து நிமிட அளவிலேயே அடைந்தது. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்களுள் அலையால் இறந்தோர் எழுவர் என்பது ஆய்வாளர் கூற்று. கரையை ஒட்டிக் குன்றுகள் இருந்தமையும் இதற்குத் துணைநின்றது. சொல் மட்டுமே காத்தது எனல் மிகையாகும்.

இதற்கு நேர்மாறானது 1881 டிசம்பர் 31 நிகழ்வு. கார் நிக்கோபார் அருகே தோன்றிய நிலநடுக்கத்தின் அலை வங்கக்கடலைக் கடந்து நாகப்பட்டினத்தை எட்டியது. அங்கிருந்த அலையளவி அதனைப் பதிவு செய்தது. நிலநடுக்கத்தை ஓல்டாம் விரிவாக ஆராய்ந்தார். கருவியும் ஏடும் நினைவில் வைத்ததை ஊர் நினைவில் வைக்கவில்லை. அலை சிறியதாயிருந்தது ஒரு காரணம் எனலாம். அஞ்சாததை யார் பாடுவர்?

ஆயினும் சுமோங்கை அப்படியே எங்கும் பொருத்துதல் தகாது. நாகைக்கு அலை வந்துசேர ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் ஆயிற்று. அக்கரையினர்க்கு நிலநடுக்கம் உரிய எச்சரிக்கையாக அமையவில்லை. அவர்களுக்குத் தேவை தொலைவிலிருந்து வரும் செய்தி. 2007இல் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அதனை நிறைவு செய்கிறது. நிக்கோபாரின் நிலை வேறு. அங்குச் செய்தி வருமுன் அலை வந்துவிடலாம். ஆதலின் நடுக்கமே எச்சரிக்கை. கடல் பின்வாங்கும்வரை காத்திருத்தலும் கூடாது, பின்வாங்காமலே அலை எழுதல் உண்டு.

இவ்விடத்தில் தமிழாய்வுக்கு நேரடித் தொடர்பு எழுகிறது. 2004இல் கடுந்துயருற்ற கச்சால் தீவில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் ரப்பர்த் தோட்டப் பணிக்கெனக் குடியமர்த்தப்பட்டிருந்தனர். மலையகத்திலிருந்து வந்தோர்க்கு மண்சரிவு தெரியும். நடுங்கும் தீவின் கடல் மரபுவழி அறிமுகமானதன்று. பெரிய நிக்கோபாரில் குடியேறிய முன்னாள் படைவீரர் குடும்பங்களிலும் தமிழர் உளர். அவர்தம் வாய்மொழி வழக்காறுகளை, அன்று இளைஞராயிருந்தோர் முதுமையடையுமுன், அவர்கள் வழங்கும் சொற்களிலேயே பதிவு செய்தல் நாட்டுப்புறவியலாரின் உடனடிப் பணியாகும். எந்த மேட்டுக்கு, எவ்வழியே, யார் அழைக்க ஓடினர் என்பதே அப்பதிவில் முதலில் கேட்கத்தக்கது.