தேர்ட் லானார்க்: புள்ளிப் பட்டியலுக்கு வெளியே ஒரு முடிவு

கலைந்துபோன கழகத்தின் வரலாற்றை எழுத வருபவர் முதலில் புரட்டுவது ஆட்ட முடிவுகளைத்தான். கிளாஸ்கோவின் தேர்ட் லானார்க் கழகத்தைப் பொறுத்தவரை அந்த வழி வெகுதூரம் போகாது. 1966-67 பருவத்தில் ஸ்காட்லாந்தின் இரண்டாம் டிவிஷனில் ஆடிய 20 அணிகளில் அது 11-ஆவதாக வந்தது. அதற்குக் கீழே முடித்த அணிகள் அடுத்த பருவத்திலும் களமிறங்கின. இது மட்டும் இல்லாமல் போயிற்று. ஆகவே முடிவுக்கான காரணத்தை மைதானத்துக்கு வெளியே, கழகத்தின் கணக்கு வழக்குகளில்தான் தேட வேண்டும்.

கழகத்தின் தோற்றம் தெளிவானது. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதல் சர்வதேசப் போட்டி நடந்தது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் லானார்க்ஷயர் மூன்றாம் ரைபிள் தன்னார்வப் படையினர் தங்களுக்கென ஓர் அணியைத் தொடங்கிவிட்டனர். சீருடையின் சிவப்பே சட்டையின் நிறமாயிற்று. 1890-இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் லீகின் நிறுவன உறுப்பினர்களில் ஒன்று. 1904-இல் லீக் பட்டம். 1889, 1905 ஆண்டுகளில் ஸ்காட்டிஷ் கோப்பை.

இவற்றுள் 1889 இறுதியாட்டம் ஆய்வாளரைத் தடுமாற வைக்கும். கொட்டிய பனியில் செல்டிக்கை 3-0 என வென்றபோதும் அது நட்பு ஆட்டமாகவே கொள்ளப்பட்டது. ஒரு வாரம் கழித்து மீண்டும் ஆடி 2-1 என வென்ற பிறகே கோப்பை கைக்கு வந்தது. நாளிதழ்ச் செய்தியை மட்டும் நம்பினால் ஒரே இறுதியாட்டத்துக்கு இரண்டு முடிவுகள் கிடைக்கும்.

1960-61 பருவத்தில் கழகம் லீகில் மூன்றாமிடம் பிடித்தது. கடைசி ஆட்டத்தில் ஹைபர்னியனுக்கு எதிராக ஆறு கோல் அடித்து, 34 ஆட்டங்களில் சரியாக 100 கோல்களைத் தொட்டது. அதில் அலெக்ஸ் ஹார்லியின் பங்கு மட்டும் 42. மறு ஆண்டே அவர் மான்செஸ்டர் சிட்டிக்கும், டேவ் ஹில்லி நியூகாசிலுக்கும் விற்கப்பட்டார்கள். பயிற்சியாளர் ஜார்ஜ் யங்கும் விலகினார். 1965-இல் வெறும் 7 புள்ளிகளோடு தரமிறக்கம். நல்ல ஆட்டக்காரரை விற்றுக் காலம் தள்ளுவது சிறு கழகங்களுக்குப் புதிதல்ல. ஆனால் விற்ற காசு எங்கே போயிற்று என்பதே இங்கே கேள்வி.

1967 ஏப்ரல் 25 அன்று கழகத்தின் மைதானமான காத்கின் பார்க்கில் குயின் ஆஃப் தி சவுத்துடன் நடந்த 3-3 ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 325 பேர். மூன்று நாள் கழித்து டம்பார்ட்டனிடம் 5-1 தோல்வி. அதோடு சரி. பிரிட்டன் வர்த்தக வாரியம் விசாரணை நடத்தி, தலைவர் பில் ஹிடில்ஸ்டனின் நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. கம்பெனிச் சட்டத்தை மீறியதாக முன்னாள் இயக்குநர்கள் நால்வருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. மைதான நிலத்தில் வீடு கட்டும் திட்டத்தை நகராட்சி அனுமதிக்கவில்லை. அதனால்தான் காத்கின் இன்று பொதுப் பூங்காவாக, ரசிகர்கள் நின்று பார்த்த படிகளோடு இருக்கிறது.

பலரும் ஹிடில்ஸ்டன் ஒருவர் தலையிலேயே பழி முழுவதையும் போடுகிறார்கள். விசாரணை ஆவணங்கள் இந்த வரலாற்றுக்கு மிக வலுவான சான்று என்பதில் ஐயமில்லை. ஆனால் 1967 நவம்பரிலேயே அவர் இறந்துவிட்டார். நீதிமன்றத்தில் பதில் சொல்லும் நிலை அவருக்கு வரவே இல்லை. தண்டனை பெற்ற நால்வரும் அதே இயக்குநர் குழுவில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே அந்த ஆவணங்களைப் படிக்க வேண்டும்.