ஒத்தைத் தோட்டா, பெரிய தோட்டா

கென்னத் ஆண்டர்சன் வாசித்தவர்களுக்கு ஒரு எண் மறக்காது. 405. ஜவளகிரி பக்கம் ஆட்கொல்லிப் புலியோ, மதம் பிடிச்ச யானையோ, மனுஷன் தோளில் தொங்குவது அந்த .405 வின்செஸ்டர்தான். கார்பெட்டை எடுத்தால் 275, 500, 450/400 என்று வரிசையாக எண்கள். ரொம்ப வருஷமா இதையெல்லாம் டவுன் பஸ் நம்பர் மாதிரி படிச்சிட்டுத் தாண்டிப் போயிட்டிருந்தேன். எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்: பள்ளிக்கூட என்.சி.சி.யில் தரையில் படுத்துக்கொண்டு பாயிண்ட் டூ டூவில் சுட்ட ஐந்து தோட்டா. ஒன்று அட்டையில் பட்டது. அதுவும் பக்கத்துப் பையனோட அட்டை :-)

அந்த எண்கள் என்னதான் சொல்லுதுன்னு தேடப்போய் மாட்டிக்கொண்டது இந்தக் கதை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா போடும் துப்பாக்கியை, யானையையும் காட்டெருமையையும் வீழ்த்தும் பெரிய தோட்டாவுக்கு மாற்றிய கதை. நூற்றைம்பது வருஷமாக இந்த வேலை நடந்திருக்கிறது.

எண் என்பது குழலின் துளை அகலம், அங்குலத்தில். 450 என்றால் 0.45 அங்குலம், அதாவது சுமார் பதினொன்றரை மில்லிமீட்டர். அதுக்கு முந்தின கணக்கு 'போர்'. ஒரு பவுண்டு ஈயத்தில் துளைக்குச் சரியாக எத்தனை உருண்டை செய்யலாம் என்பதுதான் போர். பன்னிரண்டு வந்தால் 12 போர், நாலே நாலு வந்தால் 4 போர். எண் குறைய குறைய துளை பெரிசு.

கரிமருந்துக் காலத்தில் யானைக்குத் தீர்வு ஒன்றுதான். துளையைப் பெரிதாக்கு. கரிமருந்தை எவ்வளவு திணித்தாலும் குண்டின் வேகம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது, ஆகவே எடையைக் கூட்டு. சாமுவேல் பேக்கர் (நுவரெலியாவில் 1848-ல் பண்ணை போட்டவர், பிறகு நைல் நதி தேடிப்போனவர்) இலங்கையில் யானை வேட்டைக்கு வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை பிரிஸ்டல் ஊர் கிப்ஸ் 1840-ல் செய்து கொடுத்தார். எடை 21 பவுண்டு, சுமார் ஒன்பதரை கிலோ. உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ். ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது அதுவும் பத்தவில்லை போல. அரை பவுண்டு வெடிகுண்டு எறியும் ஒன்றைச் செய்துகொண்டு அதுக்குச் செல்லமாக 'பேபி' என்று பேர் வைத்தார். சுட்டால் யானைக்கு என்ன ஆகுமோ, சுட்டவர் பம்பரம் மாதிரி சுத்திப் போவாராம்.

மாற்றி அமைக்கும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கினது வேட்டைக்காரர்கள் இல்லை, பட்டாளம். 1857-ல் கொழுப்பு தடவின தோட்டாவால் வம்பை வாங்கின அதே 1853 மாடல் என்ஃபீல்டு இருக்கே, வாய்வழியாக மருந்து கெட்டிப்பது, அதன் குழலின் பின்பக்கம் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, கதவு மாதிரித் திறக்கும் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். அமெரிக்கர் ஜேக்கப் ஸ்னைடரின் யோசனை, பிரிட்டன் 1866-ல் ஏற்றுக்கொண்டது. ஸ்னைடர் அதே வருஷம் கடனோடு செத்துப்போனார். பாவம்.

அடுத்தது 1871-ன் மார்ட்டினி ஹென்றி. ஸ்னைடரின் 577 தோட்டாவுடைய கழுத்தை நெரித்து 450 ஆக்கினார்கள். 480 கிரெயின் (31 கிராம்) குண்டு, வினாடிக்குச் சுமார் 1,350 அடி. இதில்தான் எனக்குப் பிடித்த கூத்து. 1886-ல் நவீனமாகட்டும் என்று துளையைச் சிறிதாக்கி 402 அளவில் ஆயிரக்கணக்கில் துப்பாக்கி செய்தார்கள். அதற்குள் 303 வரப்போவது தெரிந்துவிட்டது. ஒரே பட்டாளத்தில் மூணு வகைத் தோட்டாவா, சண்டை நடுவில் மாறிப்போனால் என்ன கதி என்று பயந்து, செய்து வைத்த 402-களை எல்லாம் திரும்பவும் பெரிய 450-க்கே மாற்றினார்கள்! இப்படி மாற்றினதுதான் மார்க் 4. அதில் நிறைய நேபாளத்துக்குப் போய், காத்மாண்டுவில் ஒரு பழைய அரண்மனைக் கிடங்கில் தூசி படிந்து கிடந்து, 2003-ல் அமெரிக்க வியாபாரிகளுக்கு மொத்தமாக விற்கப்பட்டது.

சரி, யானைக்கு வருவோம்.

1889-ல் கார்டைட் வந்தது. புகையில்லாத வெடிமருந்து, கொஞ்சத்துக்கே ஏகப்பட்ட அழுத்தம். ஜான் ரிக்பி என்பவர் டப்ளினிலிருந்து வந்த துப்பாக்கிக் குடும்பத்துக்காரர், என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளராக இருந்தவர். 303 பிறந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் மூளையில் பொறி தட்டியிருக்கும். மூன்றேகால் அங்குல நீளமுள்ள பழைய 450 கரிமருந்துத் தோட்டாவை எடுத்து, கார்டைட்டுக்கு ஏற்றபடி செய்து 1898-ல் விட்டார். பேரு .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ். அதே 480 கிரெயின். வேகம் 2,150 அடி. மார்ட்டினியின் குண்டு எடையேதான், துளையும் பேருக்கு அதேதான். ஆனால் ஒன்று பட்டாளத்துச் சிப்பாய் தூக்கியது, இன்னொன்று எதிரே வரும் யானையை மண்டையில் அடித்து நிறுத்தக்கூடியது. பேக்கர் மாதிரி ஒன்பதரை கிலோ சுமக்க வேண்டிய அவசியம் அன்றோடு போச்சு.

இதைத் தாங்குமா பழைய ஒத்தைத் தோட்டா துப்பாக்கி? எல்லாம் தாங்காது. தாங்கியதில் பேர் போனது ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஃபார்கஹர்சன் 1872-ல் காப்புரிமை வாங்கினது. அடியில் லீவரை இழுத்தால் ஒரு இரும்புக்கட்டி செங்குத்தாகக் கீழே இறங்கும், தோட்டாவைப் போட்டு மூடினால் மேலே ஏறி நிற்கும். வெடிக்கும்போது பின்னால் வரும் அடியை அந்தக் கட்டி நேராக வாங்கிக்கொள்ளும். முக்கியமான சமாசாரம், தோட்டாக்கூடு கிடையாது. ரிப்பீட்டர் துப்பாக்கியில் கூட்டுக்குள் அடங்கினால்தான் தோட்டா. இதில் தோட்டா எவ்வளவு நீளமா இருந்தால் என்ன, கையால்தானே போடப்போறோம்? அதனால் ஜெஃப்ரி கம்பெனி இதே அமைப்பில் 900 கிரெயின் குண்டு போடும் 600 நைட்ரோவைக்கூடச் செய்து விற்றது. ஒரே கெடுதல், முதல் குண்டு தப்பினால் இரண்டாவது குண்டு சட்டைப்பையில். இரட்டைக்குழல் வாங்கக் காசு இல்லாதவனின் துப்பாக்கி என்று இதற்கு ஒரு பேர் உண்டு.

இப்போ சர்க்கார் உள்ளே வருகிறது. 1907-ல் இந்தியாவிலும் சூடானிலும் 450 துளைத் துப்பாக்கிகளுக்குத் தடை. பட்டாளத்தை விட்டு வெளியே போன மார்ட்டினிகள் எல்லைப்புறத்தில் யார் யார் கையிலோ இருந்தன. வேட்டைக்காரனின் 450 தோட்டா அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமோ என்று பயம். வேடிக்கை என்னன்னா, ரிக்பியின் தோட்டா மார்ட்டினிக்குள் பொருந்தவே பொருந்தாது. நீளம் வேறு, தடிமன் வேறு. பிரித்து குண்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள் என்று வாதம். துப்பாக்கிக் கம்பெனிகள் என்ன செஞ்சாங்க? துளையை இம்மி அளவு மாற்றினாங்க. ஹாலண்டு 500/465 கொண்டுவந்தது, லாங் 470 கொண்டுவந்தார். 465-ல் அதே 480 கிரெயின், அதே 2,150 அடி. 470-ல் 500 கிரெயின், வேகம் அதே. சட்டம் எண்ணைத்தான் படித்தது, எண்ணை மாற்றினால் சட்டம் வழிவிட்டது. மைசூர், குடகு எஸ்டேட் கதைகளில் 470 வந்தால் இனி எனக்கு 1907 ஞாபகம் வரும்.

அதே 1907-ல்தான் கார்பெட் சம்பாவத் பெண்புலியைத் தேடிப் போனார். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கையில் இருந்தது 500, 'மாடிஃபைடு கார்டைட்' வகை. கரிமருந்துக்குச் செய்த துப்பாக்கி வெடித்துவிடாமல் அளவாகக் கார்டைட் போட்ட தோட்டா அது. துப்பாக்கியில் கை வைக்காமல் தோட்டாவை மட்டும் மாற்றும் ஏழை மாற்றம். மூன்றே தோட்டாதான் கொண்டுபோயிருந்தார். மூன்றும் தீர்ந்தது, புலி சாகவில்லை. தாசில்தாரின் ஓட்டைத் துப்பாக்கியைப் பிடுங்கி முடித்தார். படிக்கும்போது இதையும் நான் வெறும் எண்ணாகத்தான் தாண்டியிருந்தேன்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தது, பேரரசு போச்சு, இங்கிலாந்தில் நைட்ரோ தோட்டா செய்வதும் 60-களில் நின்றது. இடத்தைப் பிடிக்க வந்தது அமெரிக்க வின்செஸ்டரின் 458, வருஷம் 1956. பழைய 450-ன் குண்டை, சாதாரணக் கூட்டுக்குள் அடங்கும்படி இரண்டரை அங்குலக் குட்டித் தோட்டாவில் அடைத்தார்கள். இடம் போதாமல் மருந்தை இறுக்கிக் கெட்டிக்க வேண்டியிருந்தது. நாளானால் மருந்து கட்டியாகிப் போய், சில தோட்டா மந்தமாகவே சுடும். காகிதத்தில் 2,100-க்கு மேல், காட்டில் 2,000-கூட இல்லை. 1959-ல் மொசாம்பிக்கில் ஒரு காட்டெருமை ஜாக் லாட் என்ற அமெரிக்கரைத் தூக்கி எறிந்தது. கையில் இருந்தது 458. பிழைத்து வந்தவர், 1971-ல் அதே துளைக்கு 2.8 அங்குலத் தோட்டா ஒன்றைச் செய்தார். .458 லாட்.

பழைய 458 துப்பாக்கிக்காரர்களுக்கு இது லாட்டரி. குழலை மாற்ற வேண்டாம், தோட்டா உட்காரும் அறையை மட்டும் நல்ல மிஸ்திரியிடம் கொடுத்து 0.3 அங்குலம் நீட்டினால் போதும். அதிலேயே பழைய குட்டித் தோட்டாவையும் சுடலாம். ரிப்பீட்டர்காரர்களுக்குக் கூடும் இடிக்கும். ஒத்தைத் தோட்டாக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஃபார்கஹர்சனை மனசில் வைத்து பில் ரூகர் 1967-ல் கொண்டுவந்த 'நம்பர் 1' துப்பாக்கி இந்த வேலைக்கென்றே பிறந்த மாதிரி ஆனது. சிலர் ஒரு படி மேலே போய், ரிக்பியின் மூன்றேகால் அங்குல 450-க்கே அதை நீட்டிக்கொண்டார்கள். 1898-க்கே திரும்பிப் போய்விட்டார்கள்!

2000-களில் ரூகர் கம்பெனியே இந்த வேலையில் இறங்கியது. நம்பர் 1-ஐ லாட்டுக்குச் செய்தது, கார்பெட்டின் 450/400-க்குச் செய்தது, ஆண்டர்சனின் 405-க்கும் செய்தது. இங்கே 1972-லேயே வேட்டைக்குத் தடை வந்தாச்சு, ஆண்டர்சன் 1974-ல் பெங்களூரில் காலமாகிவிட்டார். நல்லதுதான், புலி இருக்கட்டும். அந்த 405 துப்பாக்கியின் படத்தை மட்டும் இணையத்தில் பார்த்தேன். குழலின் மேல் எண் பொறித்திருந்தது. இந்தத் தடவை பஸ் நம்பர் ஞாபகம் வரவில்லை.