பெங்களூரின் சாப்மன், பிற ஊர்களின் அணிகள்

நடுக்கள ஆட்டக்காரர் கார்ல்டன் சாப்மன் (1971–2020) 1990இல் பெங்களூரிலிருந்து ஜாம்ஷெட்பூரின் டாடா கால்பந்து அகாதெமிக்குச் சென்றார். 1993இல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்து, அவ்வாண்டே ஈராக்கின் அல்-ஜவ்ரா அணிக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். 1995இல் பஞ்சாபின் ஜேசிடி. பின்னர் எஃப்சி கொச்சின். 1998இல் மீண்டும் ஈஸ்ட் பெங்கால். முதல் தேசியக் கால்பந்து லீக் பட்டத்தை (1996–97) ஜேசிடியுடனும், 2000–01 பட்டத்தை ஈஸ்ட் பெங்கால் அணித்தலைவராகவும் வென்றார்.

இவ்விடப்பெயர்வுகளை ஒருவரின் நிலையின்மையாகக் கொள்வது பிழை. எஃகு ஆலை, துணி ஆலை, கொல்கத்தாவின் ரசிகர் திரள் என மூலதனம் இருந்த இடங்களையே அவரது பயணம் தொடர்ந்தது. பெங்களூரில் ஐடிஐ, எச்ஏஎல் போன்ற பொதுத்துறை நிறுவன அணிகள் இருந்தன. பெங்களூரு எஃப்சி தோன்றியதோ 2013இல். சாப்மன் ஓய்வு பெற்றது 2001இல். ஆட்டக்காரரை உருவாக்கிய நகரம், அவர் ஆடுவதற்கான கழகத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் பிந்தியே பெற்றது.