நூற்புழுக்களின் ஆண் உறுப்பமைப்பு

நூற்புழுக்கள் அல்லது உருளைப்புழுக்கள் எனப்படும் ஜீவராசிகளுள் மனிதர், கால்நடை, பயிர், பூச்சி ஆகியவற்றின் உடலில் ஒட்டி வாழ்வன பல. இவை பெரும்பாலும் நூல் துண்டுகளைப் போல ஒரே சாயலில் இருப்பதால், ஓர் இனத்தை மற்றோர் இனத்தினின்று பிரித்தறிவதற்குத் துணையாகும் லட்சணங்களுள் தலையாயது ஆண் புழுவின் வாலில் அமைந்த இனப்பெருக்க உறுப்புகளே. பெண் புழு பெரியது, கண்ணுக்கு எளிதில் அகப்படுவது. எனினும் இனத்தின் பெயரைத் திட்டமாகச் சொல்லப் பல சமயங்களில் சிறிய ஆண் புழுவே வேண்டியிருக்கிறது.

அமைப்பு: பெண் புழுவில் கருவாய் தனித் துவாரமாக அமைந்திருக்க, ஆணில் விந்துக்குழாயும் குடலும் ஒரே கழிவாயில் வந்து சேர்கின்றன. அவ்வாயினின்று வெளிவரும் கலவிமுட்கள், பெரும்பாலும் இரண்டு, விந்தைச் சுமப்பவை அல்ல. பெண்ணின் கருவாயைத் திறந்து பற்றிக்கொள்பவை. அவற்றை நெறிப்படுத்தச் சில இனங்களில் வழிகாட்டித் தகடு ஒன்று உண்டு. கொக்கிப்புழு முதலியவற்றில் வால்நுனி குடைபோல் விரிந்து, தசைக் கதிர்கள் தாங்கும் கலவிச்சிறகாகிறது. வேறு பலவற்றில் உணர்மொட்டுகள் வரிசையாக நிற்கின்றன. ஆண் புழுவை லாக்டோபீனால் துளியில் இட்டு வைத்தால், சற்று நேரத்தில் உடல் கண்ணாடிபோல் தெளிய, ஒருக்களித்துக் கிடக்கும் வாலுக்குள் தேன் நிறமான முட்கள் வளைந்து கிடப்பது நுண்பெருக்காடியில் புலப்படும். செம்மறியாட்டின் நான்காம் இரைப்பையில் இரத்தம் குடித்து வாழும் ஹீமாங்கஸ் புழுவாயின், அம்முட்களின் நுனியருகே சிறு கொளுவிகளும், கலவிச்சிறகின் முதுகுக்கதிர் நடுவில் நில்லாமல் ஒருபுறம் ஒதுங்கியிருத்தலும் காணலாம்.

வரலாறு: 1866இல் ஜெர்மானியரான ஷ்னைடர் நூற்புழுக்களைப் பற்றி எழுதிய பெருநூலில், ஆண் வாலின் உணர்மொட்டுகளையும் கலவிச்சிறகையும் வகைப்பாட்டுக்கு உரிய சான்றுகளாகக் கையாண்டார். கொக்கிப்புழுக்களுள், 1843இல் மிலான் நகரத்து டூபினி விவரித்த அன்கைலோஸ்டோமாவையும், 1902இல் ஸ்டைல்ஸ் அமெரிக்காவில் விவரித்த நெகேட்டரையும் பிரிக்கும்போது வாயின் பற்களோடு வாலும் சாட்சி கூறிற்று. முன்னதில் முட்கள் தனித்தனியே முடிய, பின்னதில் அவை நுனியில் இணைந்து ஒரே கொளுவியாகின்றன. இந்தியப் பிரதேசத்துக்கு உரிய புழுக்களைப் பேலிஸ் 1936, 1939 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாகத் தொகுத்தளித்தார்.

ஆண் வாலை நுட்பமாக நோக்காததன் விளைவுக்கு இலங்கைக் கொக்கிப்புழுவின் கதையே தக்க உதாரணம். 1911இல் லோஸ், இலங்கையில் புனுகுப்பூனையிடமிருந்து கிடைத்த புழுவுக்கு அன்கைலோஸ்டோமா சிலானிகம் என்று பெயரிட்டார். 1913இல் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த கிளேட்டன் லேன் அது வங்காளத்து மனிதரிடமும் இருப்பதை அறிவித்தார். ஆனால் அதே ஆண்டில் லைப்பர், அது 1910இல் பிரேசிலில் விவரிக்கப்பட்ட பிரேசிலியன்ஸ் என்னும் இனமே என்று கருத, அக்கருத்தே நெடுங்காலம் நிலைத்தது. 1951இல் பியோக்கா, ஆணின் கலவிச்சிறகில் பக்கக்கதிர்கள் பிரியும் விதத்தையும் பிற லட்சணங்களையும் ஒப்பிட்டு இரண்டும் வேறென்று நிறுவினார். இது வெறும் பெயர்ச் சண்டையன்று; சிலானிகம் மனிதக் குடலில் முழு வளர்ச்சி அடைவது, பிரேசிலியன்ஸ் பெரும்பாலும் தோலுக்கடியில் ஊர்ந்து அரிப்பை உண்டாக்குவதோடு நிற்பது. பெயர் மயங்கிய காலத்தில் நோயும் மயங்கிற்று.

பெங்களூரில்: பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுக்களின் ஆராய்ச்சிக்கு இந்நகரம் ஒரு நிலைக்களம். 1957இல் காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்திய நிலையம் இங்கே அமைந்தது. அம்மரபில் 1993இல் எழுந்த உயிரியல் கட்டுப்பாட்டு இயக்ககம் இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகமாக விளங்குகிறது. வெள்ளைப்புழு என்று உழவர் கூறும் வேர்ப்புழுவை ஒடுக்க இங்கு வளர்க்கப்படும் ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா, 1992இல் பாய்னார், கருணாகர், டேவிட் ஆகியோரால் கோயம்புத்தூர்ப் புழுக்களைக் கொண்டு விவரிக்கப்பட்டது. இதன் ஆணுக்கு ஒன்பது இணைக் கதிர்கள் தாங்கும் கலவிச்சிறகு உண்டு. இதே தொழிலைச் செய்யும் ஸ்டைனர்னீமாவின் ஆணுக்குச் சிறகே இல்லை. ஆகையால் ஸ்டைனர்னீமா இனங்களை, முள்ளின் வடிவையும், வழிகாட்டித் தகட்டின் நீளம் முள்ளின் நீளத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதையும் கொண்டு பிரிக்கிறார்கள்.

இன்றைய நிலை: மரபணு வரிசை ஒப்பீடு இக்காலத்தில் இனநிர்ணயத்தை விரைவாக்கியுள்ளது, இருப்பினும் அவ்வரிசையைப் பெயரோடு இணைப்பது, அளந்து வரைந்து பாதுகாத்த மாதிரிப் புழுவே. ஹெட்டரோராப்டிடிஸின் முதல் தலைமுறையில் எல்லாம் இருபாலிகள். ஆண்கள் இரண்டாம் தலைமுறையில்தான் தோன்றுகின்றன. ஆதலால் புதிதாய்க் கிடைத்த மண்மாதிரியின் புழுவை மெழுகு அந்தின் புழுவுக்குள் செலுத்திய ஆராய்ச்சியாளர், அவ்வுடல் செங்கல் நிறமாகிக் கிடக்கும் நாட்களைப் பொறுமையோடு கடந்து, பிறகே அதை அறுத்து ஆணைத் தேடுகிறார். ஓர் இனத்தின் முழு விவரணை அந்தச் சிறு வாலை அளந்த பின்பே நிறைவு பெறுகிறது.