பதினொரு சதம்

1929ஆம் ஆண்டு இலங்கையின் உயர்மலைத் தோட்டங்களில் ஓர் ஆணின் நாட்சம்பளம் 54 சதம், பெண்ணுடையது 43 சதம், பிள்ளையுடையது 32 சதம். நடுமலையில் அது 52, 41, 31; தாழ்நிலத்தில் 50, 40, 30. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட தொகைகள் இவை. மலை ஏறினாலும் இறங்கினாலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கை ஒட்டியே நின்றது. தொழிலாளரைக் காக்க வந்த சட்டம், தோட்டங்களில் வழக்கமாக இருந்த ஏற்றத்தாழ்வுக்கு அரச முத்திரையும் குத்திவிட்டது. பெண்ணுக்குக் கூலி குறைவது உலக இயல்பு என்பவர்களுக்கு மலையகத்தின் வரலாறு சொல்லும் பதில் இதுதான்: அந்தப் பதினொரு சதம் தானாக விழுந்த பள்ளமன்று, மனிதர்கள் கணக்கிட்டு வெட்டியது.

ஆணின் வேலை கடினமானது, அதனால்தான் கூடுதல் கூலி என்று தோட்ட நிர்வாகங்கள் வாதிட்டன. செடியைக் கவ்வாத்து வெட்டுவதும் மண்ணில் முள்ளுக் குத்துவதும் நீரோடக் கான் வெட்டுவதும் உடலை முறிக்கும் வேலைகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டம் வேலைக்கு வேலை விலை வைக்கவில்லை. ஆண், பெண், பிள்ளை என்று ஆளுக்குத்தான் வைத்தது. அதோடு, இந்தத் தொழிலே தேயிலைக் கொழுந்தை நம்பி நிற்பது. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு வந்த தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று தனியாக ஒன்றில்லை. ஆண்டு முழுவதும், சில நாட்களுக்கு ஒருமுறை அதே செடியில் கொழுந்து எடுத்தாக வேண்டும். தமிழகத்திலிருந்து குடும்பங்களாக ஆட்கள் வந்து லயங்கள் எனும் வரிசை வீடுகளில் நிலைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெண்கள் கூடையைத் தலைக்கயிற்றில் சுமந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் செங்குத்துச் சரிவில் நின்று எடுத்த கொழுந்துதான் இலங்கைக்கு அந்நியச் செலாவணியாயிற்று. இரண்டு இலையும் ஓர் அரும்புமாகப் பார்த்துக் கிள்ளும் அந்தத் திறமையை ‘பெண்ணின் மென்விரல்’ என்று புகழ்ந்தார்கள். பிறவிக் குணம் என்று பெயரிட்டுவிட்டால், திறமைக்கென்று தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

ஆண்தான் குடும்பத்தைத் தாங்குகிறான், பெண்ணின் கூலி துணை வருமானம் என்பது இன்னொரு வாதம். தோட்டத்து வாழ்க்கையே இதை மறுக்கிறது. பெண்ணின் கூலி இல்லாமல் லயத்தில் அடுப்பு எரிந்ததில்லை. குறைந்த கூலியில் பிள்ளைகளும் வேலைக்கு இறங்கினார்கள் என்பதே ஆணின் 54 சதம் ஒரு குடும்பத்தைத் தாங்கவில்லை என்பதற்குச் சான்று. அந்தக் குறைந்த சம்பளமும் எல்லா வேளையிலும் அவள் கைக்கு வந்துசேரவில்லை. கணவரோ தந்தையோ அதைப் பெற்றுக்கொள்வது பல தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். கொழுந்து மலையில் நிற்பவர்கள் பெண்கள். அவர்களை மேய்த்த கங்காணியும், நிறுத்துப் பேர் எழுதிய கணக்கப்பிள்ளையும் அநேகமாக எப்போதும் ஆண்கள்.

இந்த வேறுபாட்டைக் காலம் தானாகக் கரைத்துவிடவில்லை. 1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1960இல் உலகின் முதல் பெண் பிரதமராக சிறிமாவோ பண்டாரநாயக்க பதவியேற்றார். அப்போதும் கொழுந்து எடுப்பவளின் கூலி குறைவாகவே இருந்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, அரசே முதலாளியான பிறகும் அது மாறவில்லை. 1984இல் தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி நடத்திய வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. 1929இலிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள். வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்களின் பெண்களுக்கு, நியாயத்தை விரைந்து வழங்க வேண்டிய அவசரம் ஆள்வோர் எவருக்கும் இருக்கவில்லை.

சம்பளம் சமமாகிவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்கலாம். 1984இன் வெற்றி பெரிது. அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் சமமானது நாளின் விலை. நாளின் நீளம் சமமாகவில்லை. கவ்வாத்துக்கோ முள்ளுக்கோ போகும் ஆண், தனக்குரிய அளவை முடித்துவிட்டு நண்பகலை ஒட்டி லயம் திரும்புகிறார். பெண் மாலைக் கொழுந்தும் நிறுத்துக் கொடுத்த பிறகே மலையை விட்டு இறங்குகிறாள். குறித்த கிலோ சேராவிட்டால் அவளுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். மேலதிகக் கிலோவுக்குக் காசு கிடைக்கிறதே என்றால், அதற்கும் அவள் தரும் விலை கூடுதல் மணிநேரம்தான். ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்கிட்டால், சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்ட பதினொரு சதம் கடிகாரத்துக்குள் போய் ஒளிந்திருப்பது தெரியும். சம வேதனம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இலங்கை ஏற்றது 1993இல். சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்பதே அதன் சாரம். கொழுந்தின் பெறுமதியைக் கிலோவில் அளக்கத் தெரிந்த தோட்டத்துக்கு, அதை எடுப்பவளின் நேரத்தையும் அளக்கத் தெரியாமல் இருக்க முடியாது. 1929இல் எண்ணால் எழுதப்பட்ட அநீதி எண்ணாலேயே திருத்தப்பட்டது. மிஞ்சியிருப்பதும் அப்படித்தான் திருத்தப்பட வேண்டும்.