கோவிவனும் ஹட்ச் நாயும்

அண்ணன் மகளுக்கு நாய் வேண்டுமாம். குடும்ப வாட்ஸப் குழுவில் மூன்று நாளாக இதே பேச்சு. அவள் பக் குட்டியின் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தாள். அண்ணனோ, “வாங்கினா ராஜபாளையம், இல்லன்னா ஒண்ணும் வேணாம்” என்று ஒரே பிடியில் நின்றார். அவர்கள் இருப்பது வேளச்சேரியில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. அண்ணனும் அண்ணியும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் வீடு. “சித்தப்பா, நீங்களே சொல்லுங்க” என்று பந்தை என் பக்கம் உருட்டிவிட்டாள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு நடுகல்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த நடுகல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளுக்காக நடந்த சண்டையில் செத்துப்போன கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்ட கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். சும்மா அழகுக்காக அல்ல. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்றும் கல்லிலேயே எழுத்து இருக்கிறது. என்ன நிறம், என்ன சாதி என்று ஒரு வார்த்தை கிடையாது. அது செய்த வேலைதான் அதன் அடையாளம்.

தென் தமிழகத்து நாய்களும் இப்படி வேலைக்காகத் தேறி வந்தவைதான். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைத் துரத்த வாய்த்த உடம்பு: ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். பார்வையாலேயே இரையைப் பிடிக்கும் வகை. தேனிப் பக்கத்துக் கோம்பை வேறு ரகம், தோட்டத்துக்குள் அன்னியன் கால் வைத்தால் விடாது. ஒரு காட்டையும் ஒரு தொழிலையும் மனதில் வைத்துத்தான் அந்த நாய்களை வளர்த்தார்கள். தொழில் போனது, காடு சுருங்கியது, நாய் மட்டும் மிஞ்சியது.

ராஜபாளையம் கதை கொஞ்சம் வேறு. விஜயநகரக் காலத்தில் தெலுங்குப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களோடு சேர்த்துப் பேசப்படும் நாய் அது. வேட்டைக்கும் காவலுக்கும் பழகியது. ஆனால் அதில் நிறமும் ஒரு தகுதியாக நுழைந்துவிட்டது. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. வேறு நிறத்தில் பிறந்த குட்டியை ஒதுக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்ததில் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது செவிடு. உள்காது ஒழுங்காக இயங்க நிறமிச் செல்கள் வேண்டும். அவை இல்லாத காதில், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துபோகும். வெள்ளைப் பூனைக்கும் இதே தலையெழுத்துதான். நீலக்கண் பூனைகள் செவிடாக இருப்பதை டார்வின் 1859லேயே தன் நூலில் குறித்திருக்கிறார். காவலுக்கு வளர்த்த நாய்க்குக் காது கேட்கவில்லை என்றால், அந்த வெள்ளைக்கு நாம் கொடுத்த விலை என்ன என்று யோசிக்க வேண்டாமா?

இதை அண்ணனிடம் சொன்னேன். “குட்டி பின்னாடி நின்னு கைதட்டிப் பாத்து வாங்குவோம்டா” என்றார். நியாயம்தான், ஆனால் பாதி நியாயம். ஒரு காது மட்டும் செவிடான குட்டி கைதட்டலுக்குத் திரும்பிப் பார்த்துவிடும். இரண்டு காதையும் தனித்தனியாகச் சோதிக்கக் கருவி வேண்டும்.

அரசாங்கமும் இந்த நாய்களைக் காப்பாற்றப் பார்த்தது. 1980களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கு ஓர் இனப்பெருக்கப் பிரிவு வந்தது. அங்கே நாய்கள் இருந்த நிலை பற்றிய வழக்கில், 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. நடுவில் 2005இல் ராஜபாளையம் அஞ்சல்தலை ஏறிவிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களின் பெயர்களைச் சொன்னார். தேடி வாங்குகிறவர்கள் பெருகினார்கள். பெருமைக்காக வாங்குவது என்பதும் தோற்றத்துக்காக வாங்குவதன் இன்னொரு வடிவம்தான் என்பது என் எண்ணம். சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தேன், இன்னும் அட்டை பிரிக்கவில்லை.

நகரத்து வீடுகளின் வரலாறு தனி. என் சிறுவயதில் காலனியில் எந்த வீட்டில் நாய் இருந்தாலும் அது ‘பாமரேனியன்’. உண்மையில் அதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். வெளிநாட்டு நாய் வரவழைப்பது கடினமாக இருந்த காலம், நம் வெயிலைத் தாங்கிய, சின்ன வீட்டுக்குள் அடங்கிய நாய் அது. அந்தத் தேர்வில் ஓரளவு புத்தி இருந்தது. 1994இல் ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் வந்த டஃபியும் ஸ்பிட்ஸ்தான்.

பிறகு 2003. ஒரு சின்னப் பையன் போகுமிடமெல்லாம் பின்னால் போகும் பக், ஹட்ச் செல்போன் விளம்பரத்தில். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் அந்த இனத்துக்குப் பெயரே ‘ஹட்ச் நாய்’ ஆகிவிட்டது. கம்பெனி பெயர் மாறியும் நாய் பெயர் மாறவில்லை. சீன அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்ச வளர்த்த நாய் அது. முகம் தட்டையாக வேண்டுமென்று தேர்ந்து தேர்ந்து மூக்கையே சுருக்கிவிட்டார்கள். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூச்சுப்பாதையே குறுகலான நாயைச் சென்னை மே மாதத்தில் பூட்டிய வீட்டுக்குள் விட்டுப் போனால் என்ன ஆகும்? அது குறட்டை விடுவதைப் பார்த்து “எவ்ளோ க்யூட்” என்கிறோம். அது காற்றுக்குப் படும் பாடு. 2016இல் மத்திய அரசு வணிக இனப்பெருக்கத்துக்கு நாய் இறக்குமதி செய்வதைத் தடுத்தது. ஆனால் அதற்குள் இங்கேயே குட்டி போட்டு விற்கும் சந்தை நன்றாக வேர்விட்டிருந்தது.

இதையெல்லாம் குழுவில் போட்டேன். அண்ணன் மகள், “சரி சித்தப்பா, அப்போ பூனை?” என்றாள். நல்ல கேள்விதான். பகலில் பாதிக்கு மேல் தூங்கும், நடைக்குக் கூட்டிப்போக வேண்டாம், தனிமையைத் தாங்கும். அந்த வீட்டுக்கு நாயைவிடப் பூனைதான் பொருத்தம் என்று பட்டியலே போடலாம். பால்கனிக்கு வலை அடித்தால் போதும். ஆனால் அண்ணிக்குப் பூனை முடி பட்டாலே தும்மல்.

கடைசியில் ஆறு மாதம் தள்ளிப்போட்டோம். அதுவரை அவள் காலையில் கீழே இறங்கி, வாட்ச்மேன் அண்ணா சோறு வைக்கும் செவலை நாயை நடைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒப்பந்தம். இரண்டு வாரம் ஆகிறது. மழை பெய்த ஒரு நாள் தவிர தவறாமல் போகிறாள். கோவிவன் என்று பெயர் வைக்கச் சொல்லிப் பார்த்தேன். “போங்க சித்தப்பா, அவன் பேரு மணி. வாட்ச்மேன் அண்ணா எப்பவோ வெச்சிட்டாரு” என்றாள்.